செருப்பில்லாமல் போனவள்

"எங்க லிஸ்ட்டுல அப்படி ஒரு பொண்ணே இல்லைம்மா."

ஸ்டேஷன் ரைட்டர் இதை எத்தனையாவது தடவையாகச் சொன்னாரோ, குரலில் அலுப்பு தட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால். இன்ஸ்பெக்டர் கோர்ட்டிலிருந்து திரும்பி உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

ரைட்டர் மேசைக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் மஞ்சள் நிற அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் மிஷினை விட்டு எழுந்தவர், நாடாவைக் கழற்றக்கூட நினைவில்லாமல் பஸ் ஏறியிருந்தார். நாலு மணி நேரப் பயணம். பத்து மணியிலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"யாரைத் தேடறீங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பொண்ணை. இங்க காலேஜ்ல ரெண்டாவது வருஷம். புதன்கிழமை காலையிலேருந்து போனை எடுக்கலை. நேத்து சாயங்காலத்திலேருந்து ரிங்கே போகலை. பதினேழாம் நம்பர் வீட்டுல இருக்கா. இவர் இல்லைங்கறார்."

"நான் சொல்லலை மேடம், ரிப்போர்ட் சொல்லுது," என்று ரைட்டர் இன்ஸ்பெக்டரிடம் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். புதன்கிழமை நடந்த வீட்டுச் சோதனைப் பட்டியல். பதினேழாம் எண்: அனுமதி நான்கு பேர், இருப்பது நான்கு பேர், சரி. கீழே பச்சை மையில் கையெழுத்து.

இன்ஸ்பெக்டரின் கையெழுத்து.

அந்தச் சின்ன நகரத்தில் காலேஜ் பத்து வருஷத்தில் மூன்று மடங்காகி இருந்தது. ஹாஸ்டல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மிச்சப் பிள்ளைகள் சுற்றியிருந்த தெருக்களில் அடைந்தார்கள். ஒரு வீட்டுக்கு நாலு மாணவர்களுக்கு மேல் கூடாது என்று நகராட்சி சட்டம் போட்டது. முதல் நாளே நோட்டீஸ் ஒட்டிவிட்டு, மறுநாள் போலீஸ் துணையோடு போய்த் தலைகளை எண்ணியது. புதன்கிழமை எண்ணப் போனது இந்த இன்ஸ்பெக்டர்தான்.

"கடைசியா எப்ப பேசினா?"

"பேசலை. குரல் அனுப்பினா." அந்த அம்மா போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அவசரத்தில் இரண்டு தடவை வேறு எதையோ அழுத்தினார். பிறகு அந்தக் குரல் கேட்டது. மூக்கடைத்த, சோர்ந்த குரல்.

'அம்மா, காய்ச்சல் இன்னும் விடலை. வீட்டுல இன்னைக்கு யாரும் இருக்கக் கூடாதாம். கொஞ்ச நேரம் வெளிய இருக்கணுமாம். மத்தியானம் கூப்பிடறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.'

புதன், காலை ஒன்பது நாற்பது.

இன்ஸ்பெக்டர் மணியைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். அதே புதன்கிழமை பத்தரைக்கு அவர் அந்த வீட்டு ஹாலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

"ரேடியோ, வண்டியை எடுங்க."

ரேடியோ என்பது ஜீப் டிரைவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஜீப்பில் இருந்த வயர்லெஸ் மாதத்துக்கு ஒருமுறை ரிப்பேர் ஆகும். இவர் வாய் ஒருநாளும் ஆனதில்லை. அதனால் வந்த பெயர்.

"நானும் வர்றேன்," என்றார் தையல்கார அம்மா.

"நீங்க இங்கயே இருங்க. அவ உங்க போனுக்குக் கூப்பிட்டா நீங்க எடுக்கணும். கண்டுபிடிச்சதும் வண்டி அனுப்பறேன்."

கண்டுபிடிச்சதும் என்று சொன்னது வாய் தவறி வந்த வார்த்தை. அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பதினேழாம் நம்பர் வீட்டுக் கதவைத் திறந்தவள் நெட்டையான பெண். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். யூனிஃபார்மைப் பார்த்ததும் கதவைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

"நாங்க நாலு பேர்தான் மேடம். அன்னைக்கே பார்த்தீங்களே."

"எத்தனை பேர்னு நான் இன்னும் கேட்கவே இல்லையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

ரேடியோ வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டைக் குனிந்து பார்த்தார். "நாலு பேருக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி தங்கச்சி. பூரான் ஏதாவது வாடகைக்கு இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளே ஹாலில் மூன்று பெண்கள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை விடுமுறை. மாடியில் யாரோ யாரையோ 'உஷ்' என்றார்கள். சுவர் ஓரமாக மடித்து வைத்த பாய்களும் மெத்தைகளும் தோள் உயரத்துக்கு இருந்தன. பெண்ணின் பெயரைச் சொல்லி இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு நாலு பேரும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள். அப்படி யாரையும் தெரியாது.

"கை கழுவிக்கறேன்," என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் குளியலறைக்குள் போனார். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு தாள். கதவின் உட்பக்கத்திலிருந்து உரித்து எடுத்தது, நாலு மூலையிலும் டேப் தொங்கியது.

காலை ஐந்து மணி முதல் ஆறு நாற்பத்தெட்டு வரை கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். பெயர் எழுதவில்லை, எழுதினால் மாட்டிக்கொள்வார்களே. அதற்குப் பதில் சின்னச் சின்னப் படங்கள். மீன், குடை, நட்சத்திரம், சைக்கிள், இலை.

ரேடியோ எட்டிப் பார்த்து எண்ணினார். "ஒன்பது கட்டம். நாலு பேர் குளிக்கவா? அவ்வளவு அழுக்குப் படிஞ்ச மாதிரி தெரியலையே."

"எனக்கு ஒன்பது முக்கியமில்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "இதைப் பாருங்க. குடைக்கு அஞ்சே முக்கால் தாண்டி ஒரு கட்டம். அதை அடிச்சுட்டாங்க. பக்கத்துல இருக்கற மீன், குடையோட நேரத்தையும் சேர்த்துக் கோடு இழுத்து எடுத்துக்கிச்சு. சிவப்பு மை. ஓரத்துல பொடி எழுத்துல என்ன எழுதியிருக்கு?"

"வியாழன் முதல்," என்று படித்தார் ரேடியோ.

"அவளோட அம்மா ஸ்டேஷனுக்கு வந்தது இன்னைக்குக் காலையில. குடை இனிமே குளிக்க வராதுன்னு மீனுக்கு நேத்தே தெரியும்." இன்ஸ்பெக்டர் நெட்டைப் பெண்ணிடம் கையை நீட்டினார். "தலையில இருக்கற பேனாவைக் கொஞ்சம் குடும்மா."

அவள் தயங்கி, உருவிக் கொடுத்தாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் தாளின் மூலையில் ஒரு கோடு இழுத்தார். சிவப்பு.

"மீன் மாட்டிக்கிச்சு," என்றார் ரேடியோ.

மீன், அந்த நெட்டைப் பெண், சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை மேடம். நேத்துக் காலையில அவ நேரத்துக்குக் குழாய் சும்மா இருந்துச்சு. இருபத்து நாலு நிமிஷம் தண்ணி கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் பண்ணினேன்." முகத்தை மூடிக்கொண்டாள். "அவ ஊருக்குப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டோம். அப்படித்தான் நெனச்சுக்கணும்னு இருந்துச்சு."

"அவ போன்?"

ஹாலில் இருந்தவர்களில் ஒருத்தி எழுந்து, ஓடாத வாஷிங் மிஷினின் மூடியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்து வந்தாள். "சார்ஜ்ல போட்டிருந்தா. விட்டுட்டுப் போயிட்டா. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு மேடம். எடுத்தா அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் அதுவே ஓஞ்சுடுச்சு."

"ஒரு பொண்ணைக் காணோம். எட்டுப் பேர் வாயைத் திறக்கலை," என்றார் இன்ஸ்பெக்டர்.

மீன் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தணியவில்லை. "திறந்தா ஒன்பது பேர்னு ஆகும். இன்னைக்கே எல்லாரும் தெருவுல. பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு. போன வருஷம் ரூம் கிடைக்காம நான் பத்தொன்பது நாள் லைப்ரரி மாடிப்படிக்குக் கீழ தூங்கினேன் மேடம். உங்களுக்கு ஒரு கையெழுத்து. எங்களுக்கு அது வீடு."

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தார். "புதன்கிழமை என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

சோதனை என்றதும் லிஸ்ட்டில் இல்லாத ஐந்து பேரையும் மத்தியானம் வரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார் ஹவுஸ் ஓனர். நாலு பேர் லைப்ரரிக்குப் போய்விட்டார்கள். குடைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. 'நான் பார்த்துக்கறேன், நீங்க பேசாம இருங்க' என்று ஓனர் அவளைப் போர்வையோடு தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பத்து மணி. அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை.

"ஓனருக்குப் போன் பண்ணினோம் மேடம். ஸ்விட்ச் ஆஃப்."

"இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர். "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த ஆளை நான்தான் கைது பண்ணினேன்."

அதே ஓனருக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு. அங்கே பதினாலு பேர். வாக்குவாதத்தில் அவர் நகராட்சி அதிகாரியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டார். அதிகாரிக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்று சாயங்காலமே கோர்ட், ரிமாண்ட், பக்கத்து ஊர் ஜெயில்.

இன்ஸ்பெக்டர் ஜெயிலுக்குப் போன் போட்டு, ஓனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லச் சொன்னார். 'காய்ச்சல்காரப் பெண் எங்கே?' கைதிகள் சாப்பாட்டு வரிசையில் இருக்கிறார்கள், அரைமணி ஆகும் என்றார்கள்.

"அரைமணி," என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். "மீன், இதுல அவ செருப்பு எது?"

நீலச் செருப்பு ஒன்றை அவள் காட்டினாள். அறுந்த வாரைத் தடித்த காக்கி நூலால் தைத்திருந்தது. யூனிஃபார்ம் நூல்.

"வேற செருப்பு வச்சிருக்காளா?"

"இது ஒண்ணுதான்."

"அப்ப வெறுங்காலோட போயிருக்கா. பின்பக்கம் வண்டி வருமா?"

"வராது மேடம். ஆள் நடக்கற சந்து."

இன்ஸ்பெக்டர் ரேடியோவைப் பார்த்தார். "நூத்து மூணு டிகிரி. கைத்தாங்கல். வெறுங்கால். எவ்வளவு தூரம் நடக்கலாம்?"

"நானா இருந்தா நாப்பது அடி. அதுவும் கெஞ்சினா."

"நாப்பது அடிக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கலாம்."

பின்கதவைத் திறந்தால் இரண்டு பேர் ஒட்டி நடக்கும் அகலத்தில் சந்து. எதிரே மூன்று வாசல்கள். முதலாவது சைக்கிள் ரிப்பேர் கடையின் பின்சுவர், வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. இரண்டாவது ஒரு லாண்டரி. உள்ளே பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. மூன்றாவது பூட்டிக் கிடந்த பேக்கரி.

லாண்டரிக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார். "பேக்கரியும் அந்த ஓனரோடதுதான். மூடி ஆறு வருஷம் ஆச்சு. புதன்கிழமையா? நான் யாரையும் பார்க்கலைங்க. பாய்லர் ஓடினா பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாது."

"சத்தம் ஏதாவது?"

"சத்தம்னா, எங்க பைப்பு ஒண்ணு அந்தப் பக்கச் சுவர் வழியாப் போகுது. புதன்கிழமை சாயங்காலம் பாய்லரை அணைச்சப்புறம் அதுல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். காத்து அடைச்சிருக்கும்னு பிளம்பரை வரச் சொன்னேன்."

"வந்தாரா?"

"நேத்து மத்தியானத்தோட சத்தம் நின்னுடுச்சு. தானா சரியாயிடுச்சு, வேண்டாம்னுட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரும் ரேடியோவும் பேக்கரிக் கதவில் மோதியது ஒரே சமயத்தில். பழைய மரம். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே அணைந்துபோன அடுப்பு, அடுக்கி வைத்த தகரத் தட்டுகள், எங்கும் ஒட்டடை. தரையிலிருந்த தூசியில் ஒரு ஷூவின் தடமும், அதன் பக்கத்தில் வெறுங்கால் தடமும் நேராக உள்ளே போயின. ஷூ மட்டும் திரும்பி வந்திருந்தது.

தடங்கள் போய் முடிந்த இடத்தில் ஒரு இரும்புக் கதவு. ஜன்னல் இல்லாத அறை. இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் அறைந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காதை வைத்துக் கேட்டார். பாய்லர் இரைச்சல்தான் கேட்டது.

"ரேடியோ, கதவை உடைங்க."

ரேடியோ ஜீப்பிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்து நெம்பினார். கடப்பாரைதான் வளைந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டால், இரண்டு வண்டியும் ஊருக்கு வெளியே ஒரு குடோன் தீயில் இருக்கின்றன. வர ஐம்பது நிமிஷம் ஆகும்.

அந்த நேரத்தில்தான் ரேடியோ கதவின் மேல்பகுதியைக் கையால் துடைத்தார். தூசிக்குக் கீழே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு சொல் தெரிந்தது. மாவு.

அவர் கை அப்படியே நின்றது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ரேடியோ பேச்சில்லாமல் நின்றார்.

"என்ன?"

"மேடம், சாவி நம்மகிட்ட இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"புதன்கிழமை அந்த ஆள் பையில இருந்ததை எல்லாம் ஸ்டேஷன்ல எடுத்து வச்சோமே. சாவிக் கொத்து இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி எழுதியிருந்தான். பதினேழு, இருபத்தொண்ணு, அப்படி. ஒண்ணுல மட்டும் மாவு." கதவிலிருந்து கையை எடுத்தார். "அவன் கேட்டான் மேடம். மத்ததெல்லாம் வச்சுக்குங்க, மாவு அறைச் சாவியை மட்டும் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல போய்ட்டு வந்துடறேன், எலி புகுந்துடும்னான். மூணு தடவை கேட்டான். ரொட்டி சுட்டு ஆறு வருஷம் ஆச்சு, எலி இன்னுமா பந்தியில உட்கார்ந்திருக்கு, எலிக்கு அவ்வளவு அவசரம்னா அதையே ஜாமீன் மனு போடச் சொல்லுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்காமல் முடித்தார். "நீங்ககூட."

ஆமாம். அவர்கூடச் சிரித்திருந்தார். காலை முழுக்க ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிய அலுப்பில், நகைச்சுவை நன்றாக இருந்ததாக அப்போது தோன்றியது.

"ஓடுங்க," என்றார்.

ஐம்பத்து மூன்று வயசு, பெரிய தொப்பை. ரேடியோ ஓடினார்.

ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம், திரும்ப ஐந்து நிமிஷம். இன்ஸ்பெக்டர் கதவருகில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கதவுக்கும் தரைக்கும் இடையே நூல் போகிற இடைவெளி இருந்தது. அதில் வாயை வைத்துப் பேசினார். "உங்க அம்மா வந்திருக்காங்க. சாவி வந்துக்கிட்டு இருக்கு. கேட்குதா? கேட்டா ஒரு தட்டு தட்டும்மா. மெதுவாத் தட்டினாப் போதும்."

ஒன்றுமில்லை.

லாண்டரிக்காரம்மா ஓடிப்போய் பாய்லரை அணைத்தார். இரைச்சல் நின்றதும் அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது. எங்கோ உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சந்தில் காலடிகள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். பதினேழாம் நம்பர் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். லிஸ்ட்டில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், எட்டுப் பேரும். மாடியில் ஒளிந்திருந்தவர்கள்கூட யூனிஃபார்மின் முன்னால் வந்து நின்றார்கள். மீன் கையில் ஒரு சுத்தியல். மற்றொருத்தி இரும்புக் கட்டில் காலைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். நேராகப் போய் கதவை ஒட்டியிருந்த சுவரை அடிக்க ஆரம்பித்தார்கள். காரை பெயர்ந்தது, அதன் கீழே கருங்கல்.

இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஜெயிலிலிருந்து. "மேடம், கேட்டோம். வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்."

"அவன்கிட்ட சொல்லுங்க. நான் இப்ப மாவு அறைக் கதவுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கேன்னு சொல்லுங்க."

மறுமுனையில் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு ஜெயில் அதிகாரி திரும்ப வந்தார், குரல் மாறியிருந்தது. "அழறான் மேடம். அவ கத்துவா, யாராவது திறந்து விட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்னு சொல்றான். சொன்னா இன்னொரு கேஸ் சேரும்னு பயந்தானாம்."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

ஜீப் தெருவில் கிரீச்சிட்டு நின்ற சத்தம் வந்தது. ரேடியோ மூச்சு வாங்க ஓடி வந்தார், பின்னாலேயே தையல்கார அம்மா. எட்டுப் பெண்களும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். ரேடியோ 'மாவு' என்று எழுதிய சாவியை நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் திருப்பினார்.

மூடிக் கிடந்த மாவின் புளித்த வாடை. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது பழைய சாக்குகள். அதற்குப் பின்னால் சுவரை ஒட்டி, லாண்டரிப் பைப் மேலே வளைந்து போகும் மூலையில், போர்வைக்குள் அவள் சுருண்டு கிடந்தாள். பைப்பின் இணைப்பில் தண்ணீர் கசிந்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே வாய் வரும்படி படுத்திருந்தாள். கையில் ஒரு தகர மூடி. பைப்பைத் தட்டித் தட்டி அதன் விளிம்பு மடங்கியிருந்தது.

தாய் எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மகளின் மூக்கருகே புறங்கையை வைத்தார்.

"இருக்கு," என்றார். "மூச்சு இருக்கு."

ஐம்பத்திரண்டு மணி நேரம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். சிறுநீரகம் தாங்குமா என்பது சாயங்காலம்தான் தெரியும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

வராந்தா பெஞ்சில் தையல்கார அம்மாவின் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவர் ஓரமாக எட்டுப் பேர். மாடிப்படியில், யாரோடும் சேராமல், ரேடியோ.

"பூட்டினது அந்த ஓனரா மேடம்?"

"ஆமாம்மா."

"சாவி எங்க இருந்துச்சு? டிரைவர் என்னை வண்டியில ஏறச் சொல்லிட்டு உள்ள ஓடினார். வழியில கேட்டேன். அவர் அழறாரே தவிர சொல்ல மாட்டேங்கறார்."

வேறு யாராவது சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் விடவில்லை. "எங்க ஸ்டேஷன்ல. ரைட்டர் பின்னாடி இருக்கற பீரோவுல. அவன் சாவியைக் கேட்டான். நாங்க சிரிச்சோம்."

அந்த அம்மா கத்துவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தார். அவரோ கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டினார்.

"காலையில பத்து மணியிலேருந்து அந்த பீரோவைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன்," என்றார். "வேற பார்க்க ஒண்ணுமில்லை அங்க."

நாலரை மணிக்கு மேலதிகாரி போனில் வந்தார். பதினேழாம் நம்பரை இன்றே சீல் வைக்க வேண்டும். எட்டுப் பேர் எங்கே போவது என்பது போலீஸின் வேலை இல்லை. கடைசியாக ஒன்று: "உன் டிரைவர் வாக்குமூலம் எழுதியிருக்கானாம். அந்த எலி ஜோக்கை எல்லாம் எடுத்துடச் சொல்லு. பேப்பர்ல வந்தா நாறிடும்."

"நானும் எழுதியிருக்கேன் சார். சிரிச்சது யார் யாருன்னு அதுல இருக்கு."

அந்தப் பக்கம் லைன் அறுந்தது.

இன்ஸ்பெக்டர் காலேஜ் முதல்வரின் வீட்டுக்கே போனார். உள்ளே உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே பேசினார். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு, பரீட்சை முடியும் வரை விளையாட்டுக் கூடத்தைத் திறந்துவிட முதல்வர் ஒப்புக்கொண்டார். எட்டுப் பேருக்கு மட்டும், பதினேழு நாளைக்கு மட்டும். அதற்கு மேல் யாராலும் எதுவும் வாங்க முடியவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த பதினாலு பேர் புதன்கிழமையே எங்கே போனார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், ஆறரை மணிக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சிறுநீர் போக ஆரம்பித்துவிட்டது, கண் திறந்திருக்கிறாள்.

தாய் எழுந்தார். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த கால் மரத்துப்போய் ஒரு கணம் தடுமாறினார். அதனால் வாசலில் முதலில் நின்றது இன்ஸ்பெக்டர்தான்.

படுக்கையில் இருந்தவள் கண்ணில் முதலில் பட்டது யூனிஃபார்ம்தான். வெடித்த உதடுகள் அசைந்தன. டியூப் செருகிய கையை ஊன்றி, எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

"நான் அந்த வீட்டுல இல்லை மேடம்," என்றாள். குரல் காற்றாக வந்தது. "ஃபிரெண்டைப் பார்க்க வந்தேன். இப்பவே போயிடறேன். அவங்க மேல கேஸ் போடாதீங்க."

இன்ஸ்பெக்டர் அருகில் போய் அந்தக் கையைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"நீ அந்த வீட்டுலதான்மா இருந்தே," என்றார். "எண்ண வந்தது நான். எனக்குத்தான் எண்ணத் தெரியலை."

பிறகு, அம்மாவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.